நம் நாடு என்று எழுதிய கொப்பி

அரசியல் பாடத்துக்கு மூன்று மணித்தியாலம், ஐந்து கேள்விகள். கேள்வி ஒன்றுக்கு முப்பத்தாறு நிமிடம். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பலகைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நானும் என் கூட்டாளியும் அந்த முப்பத்தாறு நிமிடத்துக்குக் கையைப் பழக்கினோம்.

அப்போது எனக்கு இருபது வயது நிறையவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருந்தேன். கூட்டாளி அந்தக் கடைக்காரரின் மகள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரை ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அதற்குமேல் படிக்க என் வீட்டில் வசதி இல்லை, அவள் வீட்டில் மனம் இல்லை. கல்யாணம் பேசி முடிக்கிற வரைக்கும் படிக்கட்டும் என்று அவளுடைய வாப்பா விட்டிருந்தார். அதனால் இருவரும் வெளிப் பரீட்சார்த்திகளாகப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு விண்ணப்பித்தோம். சொல்லித்தர யாரும் கிடையாது. பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டு இருந்தது. சனிக்கிழமை பகல் மட்டும் சேர்ந்து படிப்போம்.

வினாத்தாளில் பிரித்தானியா, இலங்கை, இந்தியா என்று மூன்று பகுதி. முதல் இரண்டுக்கும் எப்படியோ புத்தகம் கிடைத்தது. இந்தியாவுக்குத்தான் ஒன்றும் இல்லை. ஆனால் வருஷா வருஷம் அந்தப் பகுதியில் ஒரே கேள்வியைத்தான் சொல்லை மாற்றி மாற்றிக் கேட்டிருந்தார்கள். இந்திய அரசியலில் சாதி பெறும் இடம் என்ன, மொழிவாரி மாநிலங்கள் நாட்டைப் பிரிக்குமா சேர்க்குமா, மதத்தின் பேரில் கட்சி நடத்தலாமா. இதை ஒழுங்காகப் படித்துவிட்டால் முப்பத்தாறு நிமிடம் நிச்சயம்.

“ஒங்க ஊர்ல ஒரு புத்தகம் கெடைக்காதா?” என்று கேட்டாள் கூட்டாளி.

“எந்த ஊர்ல?”

“அதான்டி, திருச்சியில. ஒங்க பெரியப்பா வீட்ல.”

நான் திருச்சியைப் பார்த்ததில்லை. அப்பாவின் அண்ணன் குடும்பம் அங்கே இருந்தது. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். பெரியப்பா மகன் கல்லூரியில் படிக்கிறான் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தது. அவனுக்கு எழுதினால் அனுப்புவான். ஆனால் அந்த மாதம் எங்கள் வீட்டில் இந்தியா என்ற பேச்சை எடுக்க முடியாமல் இருந்தது.

அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தார். அம்மா கொழுந்து பறித்தாள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். தாத்தா காலத்திலேயே வந்தவர்கள், அப்பா இங்கேயே பிறந்தவர், நானும் இங்கேயே பிறந்தவள். இருந்தாலும் சுதந்திரத்துக்குப் பின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபிறகு நாங்கள் யாரும் எந்த நாட்டுக்காரரும் இல்லை. மனுப் போட்டு, தொடர்ந்து இங்கேயே வசித்தோம் என்று காட்டினால் பிரஜைகளாக எழுதிக்கொள்வார்கள். மனு போய்ப் பத்து வருஷம் ஆகியும் பதில் இல்லை. அப்பா அதை மறந்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது பழுப்பு உறையில் கடிதம் வந்தது. நுவரெலியாக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், விசாரணை. மனைவியையும், மனுவில் பேர் உள்ள பிள்ளையையும் கூட்டிவர வேண்டும். விசாரணை நாள் என் பரீட்சைக்குச் சரியாக எட்டு நாள் முன்னால்.

அன்று சாயந்தரமே அப்பா வீட்டைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தார். தகரப் பெட்டியிலிருந்த பெரியப்பா கடிதங்களை எல்லாம் எடுத்து அடுப்பில் போட்டார். சுவரில் முருகன் படம் போட்ட திருச்சிக் கலண்டர் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஜவுளிக் கடையின் விலாசம் அச்சாகியிருந்தது. கத்தரிக்கோலால் அந்த விலாசத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு முருகனைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

“எதுக்குப்பா இதெல்லாம்?” என்றேன்.

“மேல்பிரட்டுத் தோட்டத்தில ஒருத்தருக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா ஒனக்கு? ஊருக்குக் காயிதம் போட்டத விசாரணையில பாத்துட்டு, அங்கதான் ஒனக்கு எல்லாம் இருக்கு, நீ அங்கயே போன்னு எழுதிட்டாங்களாம். இனிமே இந்த வீட்டுக்கு இந்தியாலேருந்து ஒரு துண்டுக் காயிதம் வரக்கூடாது. நீயும் எழுதக்கூடாது. வெளங்குதா?”

“வெளங்குதுப்பா.”

விளங்கியது என்று சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமையே நான் எழுதினேன். பெரியப்பா வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம்; பதில் வருவதற்குக் கூட்டாளியின் கடை விலாசத்தைப் போட்டு எழுதினேன். தோட்டத்துக்கு வருகிற தபால் தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் வரும். எல்லாருடைய கண்ணிலும் பட்டுத்தான் கைக்கு வரும். கூட்டாளியின் குடும்பத்துக்கு அந்தப் பயமில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டு முஸ்லிம்கள், சோனகர். கடைக்கு எங்கிருந்து என்ன வந்தாலும் கேட்பார் இல்லை.

மூன்று கிழமையில் பார்சல் வந்தது. பெரியப்பா மகன் படித்து முடித்த பாடப்புத்தகம் ஒன்று, பத்திரிகைத் துண்டுகள் கொஞ்சம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கடையிலேயே இருந்து இரண்டு சனிக்கிழமையில் வேண்டியதை எல்லாம் கொப்பியில் எழுதி எடுத்தேன். நீல அட்டை போட்ட எண்பது பக்கக் கொப்பி. மொழிவாரி மாநிலம் கேட்டவர்கள் எந்தக் காரணம் காட்டினார்கள், அரசாங்கம் முதலில் ஏன் பயந்தது, பிறகு ஏன் கொடுத்தது, தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு, தேர்தலில் சாதி பார்த்து வேட்பாளரை நிறுத்துவது. வேகமாக எழுதினேன். கை நோக எழுதினேன்.

கூட்டாளி அதை வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தைப் படித்ததும் தலையை நிமிர்த்தினாள்.

“இது என்னடி? ‘நம் நாட்டில் பல மொழிகள் பேசும் மக்கள் வாழ்கின்றனர். நம் நாட்டின் ஒற்றுமைக்கு...’ எந்த நாடு?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிய புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் நம் நாடு, நமது அரசியல் சாசனம், நம் மக்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இறக்கியிருந்தேன்.

“பரீட்சையில இப்பிடி எழுதிப்புடாத. திருத்துறவர் ஒன்ன மண்டபத்துக்குக் கப்பலேத்தி இந்தியாவுக்கே அனுப்பிருவாரு,” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “எழுதிப் பழகறப்ப மாத்திக்க. இப்ப விடு. மதத்தப் பத்துன கேள்விய நான் எழுதுறேன், மொழிய நீ எழுது. மணியப் பாரு.”

நான் விட்டுவிட்டேன். நல்ல கொப்பியில் அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டில் இன்னொரு படிப்பு நடந்தது. விசாரணையில் அம்மா சொல்ல வேண்டியதை அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி, நான் பிறப்பதற்கு முன்னால், அம்மா ஒரு முறை ஊருக்குப் போய் வந்திருந்தாள். அவளுடைய அம்மா படுக்கையில் கிடக்கிறாள் என்று தந்தி வந்து போனது. ஒரே தடவையில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ந்து வசித்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா போனது ஒரு ஐப்பசியில். வந்தது அடுத்த வருஷம் மார்கழியில். பதினாலு மாதம்.

வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற அந்தக் காலத்துச் செக்ரோல் புத்தகங்கள் தோட்டம் கைமாறியபோதே தொலைந்துவிட்டன. எழுத்தில் எங்கேயும் இல்லை. அம்மா சொல்வதுதான் கணக்கு. அதனால் மார்கழியைப் புரட்டாசியாக்கிவிட்டார் அப்பா.

வேலை விட்டு வந்து முகம் கழுவியதும் ஆரம்பிப்பார். “எப்பப் போனே?”

“ஐப்பசியில.”

“எப்ப வந்தே?”

அம்மா தீக்குச்சியைப் பெட்டியில் உரசிக்கொண்டே நிற்பாள். “புரட்டாசியில.”

“எத்தன மாசம்?”

“பதினொண்ணு.”

“டக்குன்னு சொல்லு புள்ள. யோசிச்சா பொய்னு தெரிஞ்சுரும்.”

“சொல்றேன். தெனமும் இதையே கேக்காதீங்க.”

நான் மூலையில் உட்கார்ந்து கொப்பியை வைத்துக்கொண்டு படிப்பேன். அம்மா பதில் சொல்கிறபோது குரல் எப்போதும் ஒரே இடத்தில் தணியும். புரட்டாசி என்கிற இடத்தில். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், அதனால் தடுமாறுகிறாள் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்கு என் பரீட்சை இருந்தது.

விசாரணை நாளன்று அப்பா காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகாமல் லீவு சொல்லியிருந்தார். விடிந்து வெளிச்சம் வந்ததும் புறப்பட்டோம். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அரிசிக் கூப்பன் புத்தகங்கள், தோட்டத்துத் துரை கொடுத்த கடிதம், போட்டோ எல்லாவற்றையும் அம்மாதான் ஒரு துணிப் பையில் கட்டினாள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. “கேக்கறப்ப இல்லைன்னு சொல்லக்கூடாது, எல்லாத்தையும் எடுத்துக்க” என்று அப்பா சொல்லியிருந்தார். அதைக் கேட்டு அவள் சுவர் ராக்கையிலிருந்த எழுத்துள்ள காகிதம் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்துவிட்டாள். என் நீலக் கொப்பியையும் வைத்தாள். எனக்குத் தெரியாது. பஸ்ஸில் படிக்கலாம் என்று தேடினேன், காணவில்லை. வீட்டில் விட்டுவிட்டேன் என்று நினைத்து எரிச்சலோடு வந்தேன்.

நுவரெலியாவில் மூடுபனி. கச்சேரியில் எங்களைப் போலப் பல குடும்பங்கள் சுவர் ஓரமாக நின்றிருந்தன. எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது.

அறையில் நீளமான மேசை. மேசைக்குப் பின்னால் விசாரணை செய்யும் அதிகாரி. சிங்களவர், நடுவயது, சளி பிடித்திருந்தார். அடிக்கடி கைக்குட்டையை எடுத்தார். இங்கிலீசில் கேட்டார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்தவர், நரைத்த தலை. அப்பா மேசைக்கு முன்னால் நின்றார். நானும் அம்மாவும் பின்னால் வாங்கில் உட்கார்ந்தோம். கூப்பிட்டால் தவிர வாயைத் திறக்கக் கூடாது என்று வாசலில் பியோன் சொல்லி அனுப்பியிருந்தான்.

அப்பா நன்றாகத்தான் சொன்னார். பிறந்த தோட்டம், வேலைக்குப் பேர் பதிந்த வருஷம், கல்யாணம். அதிகாரி பத்திரங்களைக் கேட்டார். அப்பா பையை மேசைமேல் கவிழ்த்தார். கூப்பன் புத்தகங்களோடு சேர்ந்து நீல அட்டைக் கொப்பி விழுந்தது.

எழுந்து போய் எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்திருந்தால் அதுவே குற்றமாகிவிடும்.

அதிகாரி அதைப் புரட்டினார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நடுப்பக்கத்தில் நான் ஒரு படம் வரைந்திருந்தேன், மாநில எல்லைகளோடு. எந்தத் தேசத்தின் படம் என்று பார்த்த உடனே தெரியும். புருவத்தை உயர்த்திக்கொண்டு கொப்பியை மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளினார். “இது என்னவென்று பாருங்கள்.”

மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்தைத் திறந்தார். வாசித்தார். வாய்விட்டு வாசிக்கவில்லை, கண்ணால்தான் வாசித்தார். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, இது உம்மட கொப்பியோ?”

“ஆமாங்க ஐயா.”

“என்ன சோதினைக்குப் படிக்கிறீர்?”

“புகுமுகப் பரீட்சைங்க. அரசியல் பாடம்.”

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி இங்கிலீசில் பேசத் தொடங்கினார். நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேச வராவிட்டாலும் கேட்டால் விளங்கும். ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டேன். இது மனுதாரருடைய மகளின் பரீட்சைக் குறிப்பு என்றார். இந்தியாவின் ஆட்சிமுறை பற்றியது, பாடத்திட்டத்தில் உள்ளது என்றார். முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, “இந்தியாவில் பல மொழிகள் பேசும் மக்கள் வாழ்கின்றனர். இந்தியாவின் ஒற்றுமைக்கு...” என்று வாசித்தார்.

நம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஒரு தடவை அல்ல, நான்கு ஐந்து தடவை அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் இந்தியா என்றே வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதிகாரி என்னைப் பார்த்து நேராக இங்கிலீசில் கேட்டார். “நீ இந்தியாவுக்குப் போயிருக்கிறாயா?”

“நோ, சேர்.”

“நிறையத் தெரிந்து வைத்திருக்கிறாயே.”

“எக்சாமுக்கு, சேர்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு கொப்பியை மூடி ஒரு பக்கமாக வைத்தார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் நான் பக்கத்தில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் பிறகு பல வருஷம் நினைத்து நினைத்து வேதனைப்பட்டேன்.

அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. அவள் பார்த்தது இதுதான். தான் பையில் வைத்த ஏதோ ஒரு கொப்பியை அதிகாரி எடுத்தார். தமிழ் தெரிந்தவர் அதை வாசித்துவிட்டு மகளை முறைத்தார். பிறகு நீளமாக என்னென்னவோ சொன்னார். அந்தப் பேச்சில் அவளுக்கு விளங்கிய ஒரே சொல் இந்தியா. அதுவும் திரும்பத் திரும்ப வந்தது.

அவளைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்தபோது சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். மேசைக்கு முன்னால் போய் நின்றாள். பேர் கேட்டார்கள், சொன்னாள். எத்தனை வருஷமாக இந்தத் தோட்டம் என்று கேட்டார்கள், சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போனதுண்டா?

“ஒரு தடவ போனேங்க. எங்கம்மா சாகக் கெடந்தாங்க.”

“எப்ப போனீங்கள்?”

“ஐப்பசியில.”

“எப்ப திரும்பி வந்தீங்கள்?”

அப்பா ஓரமாக நின்றிருந்தார். அவர் உதடு தானாக அசைந்ததைப் பார்த்தேன்.

அம்மா திரும்பி மேசைமேல் இருந்த நீலக் கொப்பியைப் பார்த்தாள். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொன்னாள். “அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சுங்களே சாமி. மறுவருஷம் மார்கழியிலதாங்க வந்தேன்.”

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் உடனே அதைச் சொல்லவில்லை. மேசைமேல் கையை ஊன்றி, சற்று முன்னால் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. கனகாலத்துச் சங்கதி. பத்து மாசமோ, பதினொரு மாசமோ, எவ்வளவு?”

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. சொல்லும்மா, பதினொண்ணுன்னு சொல்லு என்று எனக்குள் கத்தினேன். வாய் திறக்கவில்லை. இங்கிலீசில் அவர் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பியோன் சொன்னதை மீறி ஒரு சொல்.

“பதினாலு மாசங்க,” என்றாள் அம்மா. இந்த முறை குரல் தணியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்தார். அதிகாரியிடம் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

தலவாக்கலை வரை பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். இறங்கித் தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில்தான் நின்று என்னைக் கேட்டார்.

“அந்தக் கொப்பியில என்னதான் எழுதியிருந்தே?”

சொன்னேன். திருச்சிக்குக் கடை விலாசத்திலிருந்து எழுதியதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. “நம் நாடா?” என்று கேட்டார். “நான் கலண்டர்ல கெடந்த விலாசத்தக்கூட வெட்டி எடுத்தேன் பாப்பா. நீ வீட்டுக்குள்ள ஒக்காந்து அதத்தான் எழுதிக்கிட்டு இருந்தியா?” அவ்வளவு சொல்லிவிட்டு மேலே நடந்தார். அம்மா எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

அடுத்த ஏழு நாள் எப்படிப் போனது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரே கணக்கை இரண்டு முறை கொடுத்தேன். கொப்பியைத் தொடப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போகவில்லை. ஞாயிறு காலையில் கூட்டாளி அவளுடைய தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். அதற்குமுன் அவள் தோட்டத்துக்கு வந்ததே இல்லை. வாசலில் நின்று அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“நீ எழுதாம விட்டா ஒங்க உம்மா சொன்னது மாறிருமா?”

“மாறாது.”

“அப்ப எழுது. நான் ஹட்டனுக்குத் தனியாப் போக வாப்பா விட மாட்டாரு. நீ வரலைன்னா நானும் இல்ல. ரெண்டு பேரையும் நீயே கெடுத்துப்புடாத.”

அவள் எனக்காக வந்தாளா, தனக்காக வந்தாளா என்று அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டுக்குமாகத்தான் வந்திருந்தாள். அதை மறைக்கவும் இல்லை.

ஹட்டனில் பரீட்சை மண்டபம். அரசியல் வினாத்தாள் கைக்கு வந்ததும் மூன்றாம் பகுதியைத்தான் முதலில் பார்த்தேன். எதிர்பார்த்தது வந்திருந்தது. இந்திய அரசியல் என்பது மொழி, சாதி, மதம் ஆகியவற்றின் போட்டியே என்ற கூற்றை ஆராய்க. இரண்டு வரிசைக்கு முன்னால் கூட்டாளி திரும்பாமலே தலையை ஆட்டினாள்.

அதைக் கடைசியாக எழுதலாம் என்று மற்ற நான்கையும் முடித்தேன். நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. பேனாவை வைத்தபோது முதல் சொல் வரவில்லை. கையில் பழகியிருந்த முதல் சொல் நம் என்பது. அதை விட்டுவிட்டு இந்தியாவில் என்று எழுதினேன். எழுதிய உடனே மொழிபெயர்ப்பாளரின் குரலில் அது கேட்டது. நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் என் பக்கத்தில் வந்து, “என்ன சுகமில்லையா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மணியைப் பார்த்தால் பத்து நிமிடம் போயிருந்தது.

பிறகு நான் குறிப்பில் இருந்ததை எழுதவில்லை. படித்த விஷயங்கள்தான், ஆனால் வரிசை வேறாக வந்தது. ஒரு மனிதன் தன் பேச்சையும் சாதியையும் சாமியையும் காட்டித் தன்னை இன்னான் என்கிறான். அரசாங்கம் அவனை வேறு விதமாகப் பதிந்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் அவன் கூட்டம் சேர்கிறான் என்று எழுதினேன். மொழிக்கு மாநிலம் கொடுத்தபோது நாடு உடைந்துவிடும் என்று பயந்தவர்கள், உடையவில்லை என்று கண்டார்கள் என்று எழுதினேன். ஒதுக்கீட்டுக்குச் சாதியைப் பதிய வேண்டும், சாதியை ஒழிக்க அதைப் பதியாமல் விடவேண்டும், இந்தச் சங்கடத்துக்கு அங்கேயும் விடை இல்லை என்று எழுதினேன். இலங்கை என்ற சொல்லை எங்கேயும் எழுதவில்லை. கேள்வி கேட்காததை எழுதினால் புள்ளி கிடையாது. மணி அடித்தபோது கடைசி வாக்கியம் பாதியில் நின்றது.

வெளியே வந்ததும் கூட்டாளி என் கையைப் பிடித்தாள். “மதத்தப் பத்தி எழுதறப்ப கொஞ்சம் கூடுதலா எழுதிப்புட்டேன்டி. நம்ம ஆளுகளப் பத்தி எழுதறமாதிரி கோவம் வந்துருச்சு,” என்றாள்.

பரீட்சை முடிவுக்கு முன்னால் கச்சேரியின் முடிவு வந்தது. மனைவி தொடர்ந்து வசித்ததாக நிரூபிக்கப்படாததால் மனு நிராகரிக்கப்பட்டது. குறிப்பிட்ட நாளுக்குள் அப்பீல் செய்யலாம். நான்தான் வாசித்துச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு மத்தியான வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். அம்மா வாசலில் உட்கார்ந்து கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவளிடம் அதுவரை சொல்லாததை அன்று சொன்னேன். “அம்மா, அந்த ஐயா அன்னைக்குக் கொப்பியப் பத்தி ஒண்ணும் காட்டிக்குடுக்கல. மாத்தித்தான் வாசிச்சாரு. உன்னையப் பத்தி அதுல ஒரு எழுத்தும் இல்ல. எனக்குத் தெரியும். நான் சொல்லாம இருந்துட்டேன்.”

அம்மா கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “காட்டிக்குடுக்கலையா?”

“இல்லம்மா.”

கூடைக் கயிற்றை மறுபடி கையில் எடுத்தாள். “எங்கம்மா செத்தது மறுவருஷம் கார்த்திகையில,” என்றாள். “நான் மடியில வச்சிருந்தேன். புரட்டாசியில திரும்பி வந்துட்டேன்னு ஒங்கப்பா சொல்லச் சொன்னாருல்ல, அப்படின்னா அவுங்க சாகறப்ப நான் அங்க இல்ல. தெனமும் அதச் சொல்றப்ப அவுங்களத் தனியா விட்டுட்டு வந்தமாதிரி இருக்கும். அந்த ஐயா சொன்னாலும் சொல்லாட்டியும் என் வாயில அது வந்திருக்காது.”

அது உண்மையா, என் மனதை ஆற்றச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அந்தக் கொப்பியை அவள் திரும்பிப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தவள்.

அந்தக் கிழமையே அப்பீலை எழுத உட்கார்ந்தோம். அப்பா பதினொன்று என்றே எழுதச் சொல்வார், அம்மா பயத்தில் மாற்றிச் சொன்னாள் என்று போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைத்தான் பார்த்தார். “நீயே சொல்லு. அவ எழுதட்டும்,” என்றார். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஊருக்குப் போன மாதம், அவளுடைய அம்மா இறந்த மாதம், கருமாதி முடித்துக் கப்பல் ஏறிய மாதம், இடையில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்கள். கீழே அப்பா கையெழுத்தும் அம்மா கைநாட்டும் வைத்தார்கள். நானே தபாலில் சேர்த்தேன். அப்பீலும் தோற்றது.

நான் பரீட்சையில் பாஸானேன். அரசியலில்தான் நல்ல புள்ளி. கூட்டாளியும் பாஸானாள், அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம், கண்டிக்குப் போனாள். எனக்கு மேலே படிக்கவும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கவும் படிவங்கள் வந்தன. எல்லாவற்றிலும் பிரஜையா என்று ஒரு கேள்வி இருந்தது. அதனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தேன். சில வருஷம் கழித்து, இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் எங்களைப் பங்கு பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்புக்குப் பூமிசாத்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எந்தப் பக்கம் போவோம் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பாடத்தைத் தொடர்ந்து நடத்தினேன்.